பிளக் பொய் சொல்லாது

மேட்டில் லாரி ஒரே ஒருமுறைதான் இருமியது.

அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரோடு சேர்ந்து வயதான வண்டி. அவரும்தான் இருமுகிறார். ஆனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த மகள் நோட்டைத் திறந்து நேரம், வேகம், எத்தனையாவது கியர் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். அவள் இயந்திரவியல் படித்தவள். அந்த வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே முதல் பட்டம் அவளுடையதுதான். அதனால் தெருவில் அவளுக்கு 'இன்ஜினியர்' என்றே பெயர். வேலை கிடைக்காத இன்ஜினியர் என்பதில் முன்பாதியை விழுங்கிவிடுவது தெருவின் நாகரிகம்.

"இன்னைக்கு இருமுனது வெள்ளிக்கிழமை நின்னுடும்" என்றாள்.

வெள்ளிக்கிழமைதான் விஷயம். மேட்டின் உச்சியில் இருந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குக் கீழே கிடங்கிலிருந்து காகித உருளைகளைத் தினமும் ஏற்றிக்கொண்டு போக ஒரு லாரி தேவைப்பட்டது. ஒரு வருட வேலை. முன்பு ஓடிய லாரி நடு மேட்டில் நின்று அரை நாள் வழியை மறித்துவிட்டதால், மேலாளர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை, முழுச் சரக்கோடு, நடுவில் நிற்காமல் மேட்டை ஏறிக் காட்ட வேண்டும். ஏறினால் வேலை. நின்றால் லாரி காயலான் கடைக்கு, அப்பா மச்சானிடம் டிரைவராக.

மச்சான் அதற்கு எப்போதோ தயார். "அக்கா வீட்டுக்காரரு நம்மகிட்ட வேலை பாத்தா என்ன கேவலமா?" என்று உறவுக்காரர்கள் நிறைந்த பந்தியில், அப்பாவின் வாயில் சோறு இருக்கும் நேரமாகப் பார்த்துக் கேட்பது அவர் பழக்கம்.

லாரி அந்தக் காலத்துப் பெட்ரோல் வண்டி. ஆறு சிலிண்டர். காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்க இன்ஜினுக்கு மேல் ஒரு கார்புரேட்டர். அதற்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளைத் துண்டு. அதன் நடுவில் ஊசி போகிற மாதிரி ஓர் ஓட்டை. அதுதான் ஜெட். ஓட்டை பெரிதானால் பெட்ரோல் கூடும், சிறிதானால் குறையும். கூடியதா குறைந்ததா என்று தெரிந்துகொள்ள, சிலிண்டருக்கு ஒன்றாக உள்ளே பொறி வைக்கிற பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை கருப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டலாம்.

நான்கு வருடப் படிப்பில் அவளுக்கு முழு நம்பிக்கை வந்த பாடம் இது ஒன்றுதான். டிரைவர் பொய் சொல்லலாம், முதலாளி பொய் சொல்லலாம், பிளக் பொய் சொல்லாது என்று ஒரு பேராசிரியர் தூக்கக் கலக்கத்தில் சொன்னதை அவள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தாள்.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். மேட்டில் முழு மூச்சாக ஏற்றி, அதே வேகத்தில் இன்ஜினை அணைத்து, அடிவாரத்தில் இருந்த வீடு வரை வண்டியைப் பின்பக்கமாகவே உருட்டி வருவது அப்பாவின் வேலை. வந்து நின்றதும் பிளக்கைக் கழற்றுவது அம்மா. அந்த லாரியில் இன்ஜின் இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு தகர மூடிக்குள் இருந்தது. அந்தச் சந்துக்குள் அப்பாவின் கை எப்போதுமே நுழைந்ததில்லை. அம்மாவுக்கு ஒல்லிக் கை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதும், மேட்டில் நின்றால் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவதும், பிளக்கைக் கழற்றி மாட்டுவதும் கல்யாணமான நாளிலிருந்து அம்மாதான். ஆனால் லாரியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று யாராவது கேட்டால் மூன்று பேருமே அப்பாவைத்தான் காட்டுவார்கள்.

மகள் ஆரம்பத்தில் தானே கழற்றுகிறேன் என்று கிளம்பினாள். அப்பா ஸ்பேனரை வாங்கி வைத்துவிட்டார்.

"கரியில கை வைக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்? நீ உக்காந்து சொல்லும்மா."

அவள் பெரிதாக அடம்பிடிக்கவில்லை. உட்கார்ந்து சொல்வது அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. முன்னறையில் மேஜையைத் துடைத்து, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை, வண்டி வந்து நின்று அரை மணி நேரம் கழித்து, ஆறு பிளக்கும் ஒரு தட்டில் வந்தன. ஒன்று முதல் ஆறு வரை வரிசை மாறவில்லை. பக்கத்தில் டீயும் இருந்தது.

"ஆறு பிளக் கழட்ட அரை மணி நேரமாம்மா?"

அம்மா சூடு ஆற வேண்டாமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மகள் ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளை. ஆறும் பால் வெள்ளை. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பட்டினிப்பா. இன்ஜின் பட்டினி கெடக்குது. பெட்ரோலே போய்ச் சேரலை."

அப்பாவின் முகம் வாடிவிட்டது. முப்பது வருடமாக ஒரு வாயில்லாப் பிராணியைப் பட்டினி போட்டு வேலை வாங்கியிருக்கிறோம் என்கிற மாதிரி நின்றார். பிறகு அவரே பழைய சாமான் கடைக்குப் போய் நூற்றறுபத்தைந்தாம் எண் ஜெட் ஒன்று தேடி வந்தார். இருந்தது நூற்றைம்பது. எண் கூடினால் ஓட்டையும் கூடும். மாற்றினார்கள். அம்மா பிளக்குகளைத் திரும்ப மாட்டினாள்.

சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. வண்டு முரல்கிற மாதிரி ஓர் ஒலி. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாங்கின நாளில்கூட இப்படி ஓடியதில்லை என்றார். மகள் நோட்டில் 'சரி' என்று எழுதினாள்.

பத்து நிமிடம் நன்றாக ஓடியது. அன்று மத்தியானம் மேட்டில் மூன்று முறை இருமியது. பின்னால் கருப்பாக ஒரு புகைத் துண்டையும் துப்பியது.

செவ்வாய்க்கிழமை மறுபடி பிளக். மறுபடி தட்டு, மறுபடி டீ. மறுபடி வெள்ளை.

"கருப்பா புகை வருதே" என்றார் அப்பா, யார் மனமும் கோணாத குரலில். "பெட்ரோல் பத்தலைன்னா எப்படிம்மா கருப்பா வரும்?"

நியாயமான கேள்வி. மகள் அரை மணி நேரம் யோசித்து நியாயமான பதில் ஒன்றையும் கண்டுபிடித்தாள். சைலன்ஸருக்குள் முப்பது வருடக் கரி கட்டியிருக்கிறது, இப்போது இன்ஜினுக்கு உயிர் வந்ததும் அது பெயர்ந்து வருகிறது. சைலன்ஸரைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். ஜெட் நூற்று எழுபத்தைந்து ஆனது.

இப்போது வண்டி இருமும்போது தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டுத் தையற்காரர் இறங்கி வந்து, ஒவ்வொரு வெடிக்கும் தன் மிஷினில் ஊசி ஒரு தையல் தப்புகிறது என்று ஒரு சட்டையைக் காட்டினார். மகள் அவருக்கும் பிளக்கின் நிறத்தைப் பற்றி விளக்கினாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, எப்போது முடியும் என்று மட்டும் கேட்டார். வெள்ளிக்கிழமை என்றாள். அவர் வெள்ளிக்கிழமை வரை கடையை மூடிவிட்டார்.

அன்றும் முதல் பத்து நிமிடம் அற்புதமாகத்தான் ஓடியது. அதுதான் வினை. முதல் நிமிடத்திலேயே நின்று தொலைத்திருந்தால் யாராவது வேறு மாதிரி யோசித்திருப்பார்கள்.

புதன்கிழமை, தெருமுனை மெக்கானிக் தானாகவே வந்தார். எந்த வண்டிக்கும் எந்தக் கோளாறுக்கும் பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு மட்டுமே கிளம்புவதால் அவருக்குப் பத்தாம் நம்பர் என்று பெயர். புகைக்குழாய்க்குள் விரலை விட்டு, வெளியே எடுத்து, அப்பாவிடம் காட்டினார். விரல் கருகருவென்று இருந்தது.

"அண்ணே, இது பெட்ரோல் மிதமிஞ்சிப் போகுது. சின்ன ஜெட்டாப் போடச் சொல்லுங்க. பாப்பா புக்கைப் பாத்துப் பண்ணுது."

பாப்பா என்ற சொல் மகளுக்குச் சரியான இடத்தில் பட்டது. அதுவரை அவள் போன ஏழு நேர்முகத் தேர்விலும் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் இயந்திரத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஸ்பேனர் கனமாயிற்றே, தூக்குவாயா என்றுதான் கேட்டார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். ஒருவர் நிஜமான கவலையோடு கேட்டார். இரண்டாமவரைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"மாமா, இப்படி வாங்க" என்று அவரை முன்னறைக்குக் கூட்டிப்போய், அப்போதுதான் வந்திருந்த தட்டை நீட்டினாள். "உங்க விரலை ஓரமா வெச்சுட்டு இதைப் பாருங்க. என்ன கலரு?"

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தார். திரும்ப வந்து, தட்டில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வெள்ளை" என்றார். தன் கருப்பு விரலைப் பார்த்து, "இருபத்தஞ்சு வருஷம்" என்றார்.

அவரை யாரும் தேற்றவில்லை. மகளுக்கு அந்த வாரத்தில் அதுதான் இனிப்பான நிமிடம். டீ மிச்சமிருந்ததை அவருக்குக் கொடுத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டு, ஒருவேளை டாங்கியில் துரு இருந்து பெட்ரோலை மறிக்கிறதோ என்று மெல்லிய குரலில் கேட்டார். டாங்கியை இறக்கிக் கழுவினார்கள். ஒன்றும் இல்லை. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் எவ்வளவு நிற்க வேண்டும் என்று அளந்து விடுகிற மிதவையைக் கொஞ்சம் வளைத்து உயர்த்தினார்கள். இப்போது வண்டி நின்றிருக்கும்போதும் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் கசிந்தது. பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது என்று அப்பா ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்.

மறுநாள் பிளக் வெள்ளையாகவே இருந்தது.

அதற்குள் பத்தாம் நம்பர் தன் பட்டறைக்கு வந்த இரண்டு வேன்களுக்கும் ஜெட் ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டிருந்தார். இரண்டும் பட்டறை வாசலில் அசையாமல் நின்றன. வேன்காரர்கள் அவரைக் கேட்டார்கள். அவர் இன்ஜினியரைக் கைகாட்டினார். மகளைப் பார்த்ததும் எழுந்து நின்று, "மேடம், அடுத்து என்ன பண்றது?" என்றார்.

அடுத்து ஏர் ஃபில்டர். பெட்ரோலைக் கூட்டியும் போதவில்லை என்றால் காற்று அதிகமாக உள்ளே போகிறது என்றுதானே அர்த்தம். காற்று நுழைகிற வாயில் பாதியைத் துணியால் அடைத்தாள். கடையில் இதைவிடப் பெரிய ஜெட் கிடைக்காததால், இருந்ததை லேத் பட்டறைக்கு எடுத்துப்போய் ஓட்டையை விரிக்கச் சொன்னாள். லேத்துக்காரர் அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அந்தப் பக்கம் தெரு தெரிந்தது.

"இதுக்கு மேல போட்டா ஜெட்டு இருக்காது. ஓட்டைதான் இருக்கும்."

போடச் சொன்னாள்.

வியாழக்கிழமை மாலை லாரி தெருவைக் கடந்தபோது கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிகள் சாம்பல் நிறத்துக்கு மாறின. தெருவில் யாரும் சண்டைக்கு வரவில்லை. படித்த பெண் ஏதோ செய்கிறாள் என்று துணியை எடுத்து மறுபடி நனைத்தார்கள். அதுதான் அவளை முதல் முறையாகப் பயமுறுத்தியது. அவளைத் திட்டாமல் விட்ட தெரு அது. தப்பாகப் போனால் அதே மரியாதையோடு கடைசிவரை நினைவில் வைத்திருக்கும்.

அன்று பிளக் வர ஒரு மணி நேரம் ஆனது. கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். புகை கருப்பு, குழாய் கருப்பு, தெரு கருப்பு, இது மட்டும் வெள்ளை. பாடப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை மறுபடி படித்தாள். பேராசிரியரே தப்பாகச் சொல்லியிருப்பாரோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்படியானால் நான்கு வருடமும் தப்பு. அந்த நினைப்பை அவசரமாக மூடி வைத்தாள்.

சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். தொழிற்சாலை மேலாளர் வண்டி பழசாச்சே என்று கேட்டாராம். அதற்கு அவர், எங்கள் வண்டிக்கு இன்ஜினியர் வீட்டிலேயே இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வந்தாராம். மேலாளர் உடனே டீ வாங்கிக் கொடுத்தாராம்.

"ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுப்பா."

"பழைய ஜெட்டையே போட்டுப் பாத்தா என்ன? ஒரு தடவைதானே இருமுச்சு."

மகள் சோற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"நீயுமாப்பா?"

அப்பா தண்ணீரைக் குடித்துவிட்டு, உன் கணக்கு தப்பாது என்று தானே சொல்லிக்கொண்டார். அம்மா மட்டும், இந்த பிளக்கு வேலை நாளுக்கு நாள் இழுக்கிறது, முன்னைப்போல முடியவில்லை என்றாள். யாரும் காது கொடுக்கவில்லை. அம்மா எதைப் பேசினாலும் கடைசியில் அது வேலையைப் பற்றித்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை லாரி வழக்கம்போல அற்புதமாகக் கிளம்பியது. ஓட்டுகிற இடத்தில் அப்பா, நடுவில் இன்ஜின் மூடிமேல் நோட்டோடு மகள், கதவோரத்தில் மடியில் கட்டையோடு அம்மா. மகளின் சட்டைப் பையில் இரண்டு ஜெட் இருந்தன. ஒன்று லாரியில் முதலில் இருந்த நூற்றைம்பது. இன்னொன்று, இப்போது வண்டியில் இருப்பதைவிடவும் பெரிதாக லேத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டு செய்து கொடுத்த இருநூற்றுப் பத்து. எது தேவைப்பட்டாலும் இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

கிடங்கில் உருளைகளை ஏற்ற இருபது நிமிடம் பிடித்தது. அணைத்தால் திரும்பக் கிளம்பாதோ என்ற பயத்தில் அப்பா இன்ஜினை அணைக்காமலேயே வைத்திருந்தார். வேலையாட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏற்றினார்கள்.

மேட்டில் முதல் வளைவு வரை ஏறியது. இரண்டாவது வளைவில் இருமியது. அப்பா கியரைக் குறைத்தார். மறுபடி இருமியது. சாலையோரம் மேலாளர் கையில் கடிகாரத்தோடு நின்றுகொண்டிருந்தார். வண்டி அவரை நெருங்கி, அவரைக் கருப்பாக மூடி, அவரைத் தாண்டிப் பத்தடியில் நின்றது.

அம்மா ஏற்கெனவே கீழே குதித்துப் பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டிருந்தாள்.

புகைக்குள்ளிருந்து மேலாளர் வந்தார். கோபப்படவில்லை. கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். தன் மகளும் இயந்திரவியல்தான் படிக்கிறாள், இரண்டாவது வருடம் என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"பின்னாடி என் வண்டி ரெண்டு வருது. வர பத்து நிமிஷம் ஆகும். அதுக்குள்ள கிளம்பி மேல போயிட்டீங்கன்னா, நின்னதை நான் பாக்கலை."

அப்பா கைகூப்பினார். பிறகு மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மச்சான் இருந்தார், காயலான் கடை இருந்தது, நான்கு வருடக் கல்லூரியும் இருந்தது.

"என்னம்மா செய்யட்டும்?"

மகள் இரண்டு ஜெட்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஒன்றை மாட்டிப் பார்த்து இன்னொன்றை மாட்டிப் பார்க்க நேரமில்லை. ஒருமுறைதான் மாற்ற முடியும். ஆனால் குழப்பம் இல்லை. எது என்று பிளக் சொல்லிவிடும். சூடு ஆறக் காத்திருக்க வேண்டாம், துணியைச் சுற்றிக் கழற்று என்று அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா ஏறி, மூடியைத் தூக்கி, ஒல்லிக் கையைச் சந்துக்குள் விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு, ஐந்து, ஆறு. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு சீக்கிரம் கழற்றத் தெரிந்தவள் வீட்டில் ஏன் ஒரு மணி நேரம் எடுத்தாள் என்று மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்க நேரமில்லை. கையை நீட்டினாள்.

"குடும்மா, சீக்கிரம்."

அம்மா கொடுக்கவில்லை. ஆறு பிளக்கையும் துணிக்குள் இறுக்கிப் பிடித்தபடி சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எதையோ தேடினாள்.

"கொஞ்சம் பொறும்மா, தினமும் மாதிரி கரியெல்லாம் போகத் தேய்ச்சு வெள்ளையாக்கித்தானே உன் கையில குடுக்கணும், நடு மேட்டுல சோப்புக்கும் நாருக்கும் நான் எங்க போவேன்?"